ஷாம் ஷுய் போவில் அப்பாவின் டீக்கடை

ஹாங்காங்கில் இறங்கிய மூன்றாம் நாளே அப்பா கேட்டுவிட்டார்: "டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமாம்மா?"

அண்ணன் வேலைக்காக அங்கே குடியேறி நான்கு வருடமாகிறது. அம்மா விமானம் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நானும் அப்பாவும் மட்டும் பத்து நாள் பயணமாகப் போயிருந்தோம். அப்பாவின் சிக்கல் எனக்குப் புரிந்தது. மதுரையில் காலை ஐந்தரைக்கெல்லாம் சிம்மக்கல்லில் அவருடைய டீக்கடையில் இருக்க வேண்டும். முதலில் ஒரு டீ, அரை மணி கழித்து இன்னொன்று. நடுவில் ஒரே தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் சுற்றும். ஏழரைக்குத்தான் வீடு திரும்புவார். அண்ணன் வீடோ முப்பத்திரண்டாவது மாடி. கீழே இறங்கினால் மால். மாலில் ஒரு காபி 45 டாலர். நம் காசுக்கு ஏறக்குறைய ஐநூறு ரூபாய் என்று கணக்குப் போட்ட பிறகு அப்பா அதைக் குடிக்கவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீக் டிராம், லாண்டாவ் தீவின் பெரிய புத்தர், எல்லாம் காட்டினோம். ஸ்டார் ஃபெர்ரி மட்டும் பிடித்தது, டிக்கெட் விலைக்காக.

அண்ணிதான் சொன்னாள், "மாமாவை யம் சா கூட்டிட்டுப் போவோம்."

'யம் சா' என்றால் ஹாங்காங்கில் பேசும் கேன்டனீஸில் 'டீ குடிப்பது'. நாம் சின்னச் சின்னச் சீனப் பலகாரங்களான டிம் சம் சாப்பிடப் போகிறோம் என்போம். அந்த ஊர்க்காரர்கள் டீ குடிக்கப் போகிறோம் என்பார்கள். டிம் சம் அந்த டீக்குத் துணைக்கு வருவது, நம் ஊரில் டீயோடு வடையைக் கடிப்பது போல. அப்பாவிடம் இப்படிச் சொன்னதும் முகத்தில் லேசாக வெளிச்சம். "சா"வைப் பிடித்துக்கொண்டார். "நம்ம சாயாதானே?" அதேதான். கன்னியாகுமரிப் பக்கம் புழங்கும் சாயாவும் இந்த 'சா' குடும்பம்தான். நம் தேயிலையில் உள்ள 'தே', சீனாவின் ஃபூஜியன் கடற்கரையில் பேசும் மின் மொழிக்காரர்களிடமிருந்து டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டது. உலகத்தில் பெரும்பாலான மொழிகள் இந்த இரண்டில் ஒன்றை வைத்திருக்கின்றன. நாம் இரண்டையும் வைத்திருக்கிறோம்.

எங்கே போவது என்று அண்ணி ஒரு பட்டியலே வாசித்தாள். 1933-இல் தொடங்கிய லுக் யூ டீ ஹவுஸ் இருக்கிறது, மர அடைப்புகளும் பழைய மின்விசிறியுமாக. 2009-இல் மாங் காக்கில் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி, உலகத்திலேயே மலிவான மிஷெலின் நட்சத்திர உணவகம் என்று பெயர் வாங்கி, இப்போது பல நாடுகளில் கிளை விரித்திருக்கும் டிம் ஹோ வான் இருக்கிறது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை சிட்டி ஹாலில் உள்ள மாக்சிம்ஸ் பேலஸுக்குப் போனோம். சரவிளக்கு, ஜன்னலுக்கு வெளியே துறைமுகம், டோக்கன் எண் கூப்பிடும்வரை வாசலில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். "கல்யாண மண்டபத்துல ரெண்டாம் பந்திக்கு நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் அப்பா. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் சாப்பிட்டார். ஆனால் வெளியே வந்ததும், "இது டீக்கடை இல்லம்மா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. புதன்கிழமை காலை ஆறு மணிக்கு எங்களை எழுப்பி மெட்ரோவில் ஏற்றி ஷாம் ஷுய் போவில் இறக்கினாள்.

நாங்கள் போன கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இருபது மேசைதான், வாடிக்கையாக வரும் கிழவர்களுக்கே பற்றவில்லை. துணிக்கடைகள் இன்னும் திறக்காத ஒரு தெருவில், குறுகலான படியேறி முதல் மாடி. ஆறே முக்காலுக்கே நிரம்பியிருந்தது. யாரும் வரவேற்கவில்லை, இடம் காட்டவுமில்லை. காலி நாற்காலி எங்கே தெரிகிறதோ அங்கே போய் உட்கார வேண்டியதுதான். முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்வதற்கு 'தாப் தோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வட்ட மேசையில் எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். முன்னால் ஒரு டீ கெட்டில், இரண்டு மூங்கில் கூடை, குதிரைப் பந்தயப் பக்கம் மேலே வருமாறு மடித்த செய்தித்தாள். புதன் இரவு ஹேப்பி வேலியில் பந்தயம். அவர் நிமிர்ந்து பார்த்தார், செய்தித்தாளை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். அவ்வளவுதான் அனுமதி.

என்ன டீ வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. மல்லிகைப்பூ மணம் ஏற்றியது, சாமந்தி, தித் குவான் யாம் என்று வகைகள் உண்டு. வயசாளிகள் பெரும்பாலும் கேட்பது போ லெய், அதாவது பூ-எர். புளிக்கவைத்துப் பழசாக்கிய இலை. டிகாஷன் நிறத்தில் இருக்கும், மழை பெய்த மண் வாசம் அடிக்கும். எண்ணெய்ப் பலகாரத்தை அது அறுத்துக்கொண்டு இறங்கும் என்பார்கள். அப்பா பாலும் சீனியும் எங்கே என்று தேடினார். கிடையாது என்றோம். "காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிற டீ" என்று முணுமுணுத்தார்.

அடுத்து நடந்ததில் முணுமுணுப்பு நின்றது. முதல் டீயைக் குடிப்பதில்லை. அண்ணி அதை ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றி, கோப்பை, கரண்டி, சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் அதில் அலசினாள். சுற்றிலும் எல்லா மேசையிலும் அதே வேலை. சுத்தமாகத்தான் கழுவி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அலசுவார்கள். வாழையிலை போட்டதும் தண்ணீர் தெளித்துத் துடைக்காமல் சோறு வாங்காதவர் என் அப்பா. "விவரமான ஆளுங்கதான்" என்றார்.

இங்கே தள்ளுவண்டி இன்னும் ஓடுகிறது. ஹாங்காங்கில் பெரும்பாலான கடைகள் தாளில் பென்சிலால் டிக் அடிப்பதற்கு எப்போதோ மாறிவிட்டன. கடை வாடகைக்கு வண்டி போகிற சந்துகூடக் காசு. கேட்ட பிறகு அவித்துக் கொடுத்தால் பண்டமும் நன்றாக இருக்கும் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டி தள்ளும் அம்மாக்கள் "ஹார் காவ்... சியு மா...ய்" என்று கடைசி எழுத்தை இழுத்துப் போவதை மாட்டுத்தாவணியில் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வரும் முறுக்கு வியாபாரிக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆவி அடிக்கும் கூடைகள் அடுக்கடுக்காக. வேண்டியதைக் கை காட்டினால் இறக்கிவைத்து, மேசையில் கிடக்கும் அட்டையில் முத்திரை குத்துவார்கள். சிறியது, நடுத்தரம், பெரியது, ஸ்பெஷல் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசியில் முத்திரையை எண்ணி பில்.

ஹார் காவ் வந்தது. இறால் கொழுக்கட்டை என்று சொன்னால் முக்கால்வாசி சரி. கொதிநீர் விட்டுப் பிசைவதும் சொப்பு செய்து மூடுவதும் ஆவியில் அவிப்பதும் நம் வேலைதான். ஆனால் மாவு அரிசி அல்ல. கோதுமையில் பசைச்சத்தைக் கழுவி எடுத்தபின் மிஞ்சும் வெள்ளை ஸ்டார்ச். அதனால்தான் வெந்ததும் கண்ணாடியாகி உள்ளே இருக்கும் இறாலின் ரோஜா நிறம் வெளியே தெரிகிறது. எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் பக்கவாட்டால் ஒரே அழுத்து அழுத்தி மேல்மாவைத் தட்டுவார்கள். மடிப்பு ஏழுக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் என்றால் கைகாரர். நான் ஒன்றை எண்ணினேன், ஒன்பது. அதற்குள் அப்பா இரண்டு முடித்திருந்தார். "அம்மாகிட்ட சொல்லாதே. அவ கொழுக்கட்டைய விட மேல்மாவு மெல்லிசு."

அப்பா பன்றிக்கறி தொடமாட்டார். சியு மாய், சார் சியு பாவ் இரண்டும் அதனால் எனக்கும் அண்ணிக்கும். சார் சியு பாவின் வெள்ளை பன் மேலே மூன்றாக வெடித்திருக்கும். வெடிக்காவிட்டால் அவித்தவர் தோற்றார். உள்ளே தித்திப்பான கறி. எனக்கு இனிப்பும் கறியும் ஒத்துவரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வண்டியின் பின்னால் அட்டையோடு ஓடினேன். மேலே இருந்த கூடையைக் காட்டி வாங்கிவந்து திறந்தால், இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவிய ஏதோ பூத்துவாலை மாதிரி ஒன்று. மாட்டு இரைப்பையின் ஒரு பகுதி. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். குடல் குழம்புக்காக ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும் ஊர்க்காரர். பிறகு வந்தது ஃபுங் ஜாவ். 'ஃபீனிக்ஸ் பாதம்' என்று அழகான பெயர், பொருள் கோழிக்கால். முதலில் எண்ணெயில் பொரித்து, ஊறவைத்துத் தோலைப் பொதபொதவென்று ஆக்கி, புளிக்கவைத்த கறுப்பு சோயா விதையோடு அவித்தது. தோலை உறிஞ்சிவிட்டு எலும்பைத் துப்ப வேண்டும். மேசைநாகரிகம் கற்றவர்கள் திணறும் பண்டம். அப்பா திணறவில்லை.

இத்தனைக்கும் நடுவே டீ தீர்ந்துவிட்டது. அப்பா கெட்டிலை ஆட்டிப் பார்த்தார். பெரிய கேத்தலோடு பணியாள் இரண்டு முறை எங்களைத் தாண்டிப் போனார், நிற்கவில்லை. அண்ணி கைபேசியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது அந்தப் பெரியவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, எங்கள் கெட்டிலின் மூடியைத் தூக்கி வாயோரமாகச் சாய்த்து வைத்தார். அடுத்த நிமிடம் கேத்தல் வந்து வெந்நீர் விழுந்தது.

மூடி சாய்ந்திருந்தால் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம். இதற்கு ஒரு கதை உண்டு, அண்ணி சொன்னாள். அந்தக் காலத்தில் டீக்கடைக்குக் கூண்டோடு பறவை கொண்டுவருவது வழக்கம். ஒரு வம்புக்காரன் காலிக் கெட்டிலுக்குள் குருவியை வைத்து மூடிவிட்டானாம். வெந்நீர் ஊற்ற வந்த பையன் திறந்ததும் குருவி பறந்துவிட்டது. கொடு நஷ்டஈடு என்று ரகளை. அன்றிலிருந்து வாடிக்கையாளரே திறந்து வைத்தால்தான் ஊற்றுவது. "நம்ம ஊர்லயும் இப்படி ஒருத்தன் இருக்கான்" என்றார் அப்பா. பெயரும் சொன்னார்.

நன்றிக்கடனாக அப்பா எங்கள் டீயை எடுத்துப் பெரியவரின் கோப்பையில் ஊற்றினார். பெரியவர் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் தட்டினார், டக் டக். அப்பா விழித்தார். போதும் என்கிறாரா? இல்லை, நன்றி. அதற்கும் ராஜா கதை. சிங் வம்சத்து சியென்லோங் பேரரசர் மாறுவேடத்தில் தெற்கே வந்தபோது, கூட வந்த சேவகனுக்குத் தன் கையால் டீ ஊற்றினாராம். மண்டியிட்டு வணங்கினால் வேடம் கலையும். அதனால் விரல்களை முழங்கால் மாதிரி மடக்கித் தட்டினானாம். கதை நிஜமோ இல்லையோ, வாயில் கோழிக்கால் இருக்கும்போது நன்றி சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. கொஞ்ச நேரத்தில் பெரியவர் தன் டீயை அப்பாவுக்கு ஊற்றினார். அப்பா தட்டினார். பெரியவர் அப்போதுதான் முதல்முறை சிரித்தார், மேல்வரிசையில் பல் குறைவு.

ஏழரைக்கும் அப்பா எழவில்லை. கறுப்பு வெல்லம் போட்ட மா லாய் கோ வந்தது. மலாய் கேக் என்று பெயர். பஞ்சு மாதிரி இருக்கும் அதைப் பிய்த்துப் பிய்த்து போ லெயில் நனைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் அந்த இரண்டு கூடைக்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை. 'ஒரு கோப்பை டீ, இரண்டு பண்டம்' என்பதுதான் பழைய கணக்கு. நாங்கள் பதினொரு கூடை அடுக்கியிருந்தோம், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இவர்களெல்லாம் ஏன் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டபோது அண்ணி ஜன்னலைக் காட்டினாள். பக்கத்தில்தான் ஷெக் கிப் மேய். 1953 கிறிஸ்துமஸ் இரவில் அங்கிருந்த குடிசைகள் எரிந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு அரசு கட்டிய அடுக்குமாடிகளில் ஒரு அறை 120 சதுர அடி. ஐந்து பெரியவர்களுக்கு அந்த ஓர் அறை. வந்தவர்களை உட்காரவைக்க அந்த வீட்டில் ஏது இடம்? திண்ணை கீழே, டீக்கடையில். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி ஒருமுறை பார்த்தார்.

பில் மூன்று பேருக்கு 268 டாலர், தலைக்கு இவ்வளவு என்று டீக்காசும் சேர்த்து. அப்பா ரூபாயாக மாற்றிப் பார்க்கவில்லை.

மீதி நாட்களில் அவர் எங்களோடு எங்கும் வரவில்லை. வியாழன் அண்ணி கொண்டுபோய் விட்டாள். வெள்ளி தானே மெட்ரோ ஏறிப் போனார், பச்சை ரயிலிலிருந்து சிவப்பு ரயிலுக்கு மாறுவதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு. மூன்று மணி நேரம் கழித்து வந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்றால், "ரெண்டு கூடைதான்." என்ன பேசினீர்கள் என்றால், "பேச என்ன இருக்கு? அவரு குதிரை பார்த்தாரு. நான் படம் பார்த்தேன்." கடைசி நாள் காலை, ஊரிலிருந்து அண்ணனுக்காகக் கொண்டுபோன கடலை மிட்டாயில் ஒரு பொட்டலம் குறைந்தது.

மதுரை வந்த மறுநாள் நானும் அவரோடு சிம்மக்கல்லுக்குப் போனேன். மாஸ்டர் கண்ணாடி கிளாஸை வைத்தார். அப்பா யோசிக்காமல் இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்டினார். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டுப் போய், இரண்டு உளுந்த வடையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"சக்கரை இருக்குல்லப்பா" என்றேன்.

"வடைல என்ன சக்கரை" என்று பிய்க்க ஆரம்பித்தார்.