‘கொக்குவில்’ என்று தேடினால் கிடைக்குமா?

சஞ்சிகை கொண்டுவர நாலு பேர் சேர்ந்தாலும் சரி, கூத்து மேடையேற்ற இருபது பேர் சேர்ந்தாலும் சரி, முதல் வேலையாக வட்ஸ்அப் குழு ஒன்று திறபடும். இரண்டாம் கிழமை அதற்குள் கவிதை, மண்டப வாடகைக் கணக்கு, பிறந்தநாள் வாழ்த்து, மெய்ப்புப் பிரதி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மூன்றாம் கிழமை யாராவது ஒருவர் நோஷன், ட்ரெல்லோ போன்ற வேலைத் திட்டமிடல் செயலி ஒன்றைத் தொடங்குவார். பதினாலு பக்கம் போட்டு, நிறம் தீட்டி, எல்லோருக்கும் அழைப்பும் அனுப்புவார். ஒரு மாதம் போனால் அதைத் திறந்து பார்ப்பவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கருவியைத் தெரிய முன்னர், கடைசியாக முடித்த வேலையில் என்னென்ன தொலைந்தன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தொலைவது பெரும்பாலும் மூன்றுதான். கோப்பு தொலையும்: எது கடைசித் திருத்தம் என்று தெரியாது. முடிவு தொலையும்: அட்டைப்படத்தை மாற்றுவதாகக் கதைத்தோமா இல்லையா என்று சண்டை வரும். திகதி தொலையும்: அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நாள் ஒவ்வொருவர் தலையிலும் ஒவ்வொன்றாக இருக்கும். எது உங்களிடம் அதிகம் தொலைகிறதோ அதற்கு மட்டும் கருவி தேடுங்கள். மூன்றுக்கும் ஒரே கருவி என்று போனால் பதினாலு பக்க நோஷனில்தான் போய் நிற்பீர்கள்.

கருவியைத் தெரிந்ததும் முதலில் பார்க்கவேண்டியது அது தமிழை எப்படிக் கையாள்கிறது என்பதை. கருவிகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. எங்களுக்கோ பாதிச் சிக்கல் இங்கேதான்.

பாமினியில் தட்டச்சுச் செய்பவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் நிறையப் பேர். அச்சகங்களிலும் அது ஓடுகிறது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அதை அப்படியே ட்ரெல்லோவிலோ, கூகிளின் இணைய விரிதாளான கூகிள் ஷீட்ஸிலோ ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஆகவே பாமினியில் வரும் ஆக்கத்தை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பொது இடத்தில் போடவேண்டும். மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் முதலில் வெட்டி வேறிடத்தில் வைத்துவிடுங்கள். மாற்றித்தரும் செயலி அவற்றையும் பாமினி என்றே நினைத்து அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றாமல் பந்தி பந்தியாக மாற்றினால் எந்த இடத்தில் பிழைத்தது என்று உடனே தெரியும்.

மாற்றிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ‘கௌரி’ என்பதும் ‘கெளரி’ என்பதும் கண்ணுக்கு ஒன்று. முதலாவது ஔகாரக் குறியோடு வந்தது. இரண்டாவது ‘கெ’க்குப் பிறகு ளகரம் போட்டது. கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். ‘ஔவை’, ‘ஒளவை’யும் அப்படியே. ‘கொ’ என்ற எழுத்தையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஆனால் அந்தச் சமத்தை மதிக்கிற கருவியும் உண்டு, மதிக்காததும் உண்டு.

சோதிக்கச் சிரமமில்லை. போனில் ‘கொக்குவில்’ என்ற ஊர்ப்பெயரை நீங்களே தட்டச்சுச் செய்து ஒரு குறிப்பில் வையுங்கள். பாமினி மாற்றியிலிருந்து வந்த ‘கொக்குவில்’லை இன்னொரு குறிப்பில் ஒட்டுங்கள். ‘கோண்டாவில்’, ‘கோப்பாய்’, ‘கௌரி’ மூன்றையும் அப்படியே போடுங்கள். பிறகு தேடுங்கள். இரண்டு குறிப்பும் அகப்பட்டால் கருவி தேறியது. ஒன்றுதான் அகப்படுகிறது என்றால், நூறு ஆக்கம் சேர்ந்த பிறகு அதில் எதையும் நம்பித் தேடமுடியாது.

தேடுவதில் தமிழுக்கே உரிய இன்னொரு விசயம். ‘நல்லூர்’ என்று தேடினால் ‘நல்லூரில்’ அகப்படாது, ஏனென்றால் கடைசி எழுத்தில் புள்ளி போய் இகரம் வந்துவிட்டது. சொல்லின் துண்டைத் தேடுகிற கருவிகளில் புள்ளியை விட்டு ‘நல்லூர’ என்று தேடுங்கள். நல்லூரில், நல்லூரின், நல்லூருக்கு மூன்றும் வரும். முழுச்சொல்லாக மட்டும் தேடுகிற கருவிகளில் இது சரிவராது. அங்கே ஊர்ப்பெயர், ஆள்பெயர், வகை ஆகியவற்றுக்குத் தனி நிரல் வைத்து, தட்டச்சுச் செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தெரியவைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் ‘சுன்னாகம்’ என்பார், இன்னொருவர் ‘சுண்ணாகம்’ என்பார், வடிகட்டும்போது பாதி வரிசைகள் காணாமற்போகும்.

இனிக் கருவிகள். பத்துப் பேருக்குக் குறைந்த குழுவுக்கு எங்கள் முதல் தெரிவு கூகிள் ஷீட்ஸ். அழகில்லைத்தான். ஆனால் அம்மாவின் போனிலும் திறபடும், அச்சகக்காரருக்கும் விளங்கும்.

80 பக்கச் சிறுசஞ்சிகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆக்கத்துக்கு ஒரு வரிசை. நிரல்கள்: எண், தலைப்பு, எழுதியவர், நிலை, யார் கையில், எப்போது வேண்டும், கோப்பின் இணைப்பு, பக்கம், அனுமதி. நிலைக்கு ஆறு சொற்களுக்குமேல் வைக்கவேண்டாம்: கேட்டது, வந்தது, திருத்தத்தில், மெய்ப்பில், வடிவமைப்பில், முடிந்தது. ‘யார் கையில்’ நிரலில் ஒரேயொரு பெயர்தான் இருக்கவேண்டும். இரண்டு பெயர் போட்டால் இரண்டு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

பக்க நிரலின் அடியில் மொத்தத்தைப் போடுங்கள். அதற்குப் பக்கத்தில் மொத்தத்தை 16ஆல் வகுத்த மீதியையும் போடுங்கள். அச்சில் 16 பக்கம் ஒரு போமா என்றால் 80 பக்கம் சரியாக ஐந்து போமா. மொத்தம் 83 என்றும் மீதி 3 என்றும் காட்டினால், மூன்று பக்கத்தைக் குறைப்பதா, அரைப் போமா சேர்த்து 88க்குப் போவதா என்பதை வடிவமைப்புக்கு முன்னரே தீர்க்கலாம். அச்சகத்து வாசலில் நின்று ஒரு கவிதையைத் தூக்குகிற அவலம் வராது.

புதிய ஷீட்டில் முதல் வேலை திகதி அமைப்பு. கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய் நாட்டைப் பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 3/4 என்று நீங்கள் போடுவது மார்ச் 4 ஆகிவிடும், நீங்கள் நினைத்ததோ ஏப்ரல் 3. 25/12 என்று போட்டால் அதைத் திகதியாகவே எடுக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போது அந்த வரிசை மட்டும் எங்கோ போய்க் கிடக்கும். ஐக்கிய இராச்சியம் என்று மாற்றுங்கள், நேரவலயத்தைக் கொழும்பு ஆக்குங்கள். வடிகட்டும்போது சாதாரண வடிகட்டியைப் போடாமல் ‘ஃபில்டர் வியூ’வைப் போடுங்கள். சாதாரண வடிகட்டி எல்லோருடைய திரையிலும் வரிசைகளை மறைக்கும், “என்ர கதையை ஆர் அழிச்சது?” என்று குழுவில் சத்தம் வரும்.

கூத்துக்கும் நாடகத்துக்கும் தாளின் வடிவம் வேறு. வரிசையில் காட்சிகள், நிரலில் பாத்திரங்கள், வருகிற இடத்தில் ஒரு குறி. இன்று மூன்றாம், ஏழாம் காட்சி ஒத்திகை என்றால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று ஒரு பார்வையில் தெரியும். உடுப்பு, மத்தளம், வாள், முடி ஆகியவற்றையும் அதே தாளில் நிரல்களாகச் சேர்க்கலாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பியைப் படம் பிடித்துவைத்தால் கோப்பின் பெயரில் பக்க எண்ணை மூன்று இலக்கத்தில் போடுங்கள்: 001, 002. ஓரிலக்கத்தில் தொடங்கினால் பல இடங்களில் 10ஆம் பக்கம் 2ஆம் பக்கத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

ட்ரெல்லோ, வேலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நகரும் இடங்களில் நல்லது. கட்டணமில்லாத கணக்கில் ஒரு பணியிடத்துக்குப் பத்துப் பலகை, ஒரு இணைப்புக் கோப்பு 10 எம்பி. அச்சுக்கான அட்டைப்படம் அந்த 10 எம்பியைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே கோப்பைக் கூகிள் ட்ரைவில் வைத்து இணைப்பை மட்டும் ஒட்டுங்கள். நோஷனில் கட்டணமில்லாதவர்களுக்கு அது 5 எம்பி. தனி ஆள் நாவல் திட்டத்துக்கு, பாத்திரங்கள் இடங்கள் காலக்கோடு என்று ஒன்றோடொன்று தொடுக்க, நோஷன் சொகுசானது. குழுவுக்கு என்றால் எங்களுக்கு அதில் பிடிப்பில்லை. ஒப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலி உங்கள் கணினியிலேயே வெறும் எழுத்துக் கோப்புகளாகச் சேமிக்கிறது, இணையமே வேண்டாம், நிறுவனம் நாளை மூடினாலும் எழுத்து உங்களிடம் இருக்கும். ஆனால் இருவர் ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தில் எழுத அது தோதில்லை.

கட்டணக் கணக்கு எடுக்க முன்னர் டொலரை நினையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதம் 360 அளவுக்குப் போனது. மாதம் 10 டொலர் என்றிருந்த கருவி விலையே ஏற்றாமல் 2000 ரூபாயிலிருந்து 3600 ஆனது. கட்டணம் நின்றால் எதுவரை திறக்கும், எது பூட்டப்படும் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் அட்டை இலக்கத்தைக் கொடுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். அதே 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை வெட்டு இருந்தது. கூகிள் ஷீட்ஸை இணையமில்லாமல் திறக்க, இணையம் இருக்கும்போதே ஆயத்தம் செய்திருக்கவேண்டும்: போனில் அந்தக் கோப்பின் மெனுவில் ‘ஓஃப்லைன்’ என்பதைத் தட்டுங்கள், கணினியில் குரோம் உலாவியில் ட்ரைவ் அமைப்புக்குள் போய் அதே ‘ஓஃப்லைன்’ வசதியை இயக்கிவிடுங்கள். இருவர் இணையமில்லாமல் ஒரே கட்டத்தை மாற்றினால் ஒருவருடையது மற்றவருடையதை மூடிவிடலாம். ஆகவே ‘யார் கையில்’ நிரலில் பெயர் உள்ளவர் மட்டும் அந்த வரிசையைத் தொடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வேலைக்கு மேகம் என்கிற இணையச் சேமிப்பு சரிவராது. 4கே காணொளி 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. கூகிள் தரும் 15 ஜிபி இருபது நிமிடத்தில் நிரம்பும், அதிலும் ஜிமெயிலுக்கும் படங்களுக்கும் பங்கு உண்டு. 10 எம்பிபிஎஸ் ஏற்றுவேகத்தில் அந்த 45 ஜிபியை அனுப்பப் பத்து மணி நேரம் வேண்டும். மூலக் காட்சிகள் இரண்டு வன்வட்டில், இரண்டு வெவ்வேறு வீட்டில் இருக்கட்டும். எந்த நாளின் காட்சி எந்த வட்டில் என்பது மட்டும் ஷீட்டில். வெளிநாட்டில் இருக்கும் படத்தொகுப்பாளருக்கு 5 எம்பிபிஎஸ் சிறு பிரதி போதும், மணிக்கு 2.25 ஜிபிதான். கோப்பின் பெயரும் நேரக்குறியும் மூலத்தோடு ஒத்திருந்தால் இங்கே பொருத்திக்கொள்ளலாம்.

புலம்பெயர்ந்தவர்களோடு வேலை என்றால் சந்திப்பை நாட்காட்டியில் நேரவலயத்தோடு போடுங்கள். ரொறன்ரோவில் இரவு 8 மணி என்றால் இங்கே கோடையில் விடிய 5.30, குளிர்காலத்தில் 6.30. கனடா மார்ச் இரண்டாம் ஞாயிறே மணியை மாற்றிவிடும், லண்டன் அந்த மாதக் கடைசி ஞாயிறுவரை மாற்றாது. இடைப்பட்ட கிழமைகளில் மூன்று ஊரும் சேரும் சந்திப்பில் ஒருவர் கட்டாயம் ஒரு மணி நேரம் பிந்துவார், அல்லது முந்திவந்து காத்திருப்பார். உள்ளூர் நாட்காட்டியில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளையும், உயர்தரப் பரீட்சைக் காலத்தையும், ஐப்பசி கார்த்திகை மழையையும் முதலிலேயே மறித்துவிடுங்கள். நல்லூர்க் கொடியேற்றத்தை வருடாந்த மீள்நினைவூட்டலாகப் போடவேண்டாம், ஆங்கிலத் திகதி வருடத்துக்கு வருடம் மாறும்.

வட்ஸ்அப்பை விடச் சொல்லவில்லை, விடவும் மாட்டீர்கள். ஷீட்டின் இணைப்பைக் குழுவில் மேலே நிற்கும்படி ‘பின்’ செய்யுங்கள், கூடியது 30 நாளில் அது கழன்றுவிடும், திரும்பப் போடுங்கள். படங்களை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, அச்சில் மங்கும். குழுவில் எடுத்த முடிவை அன்றைக்கே ஒருவர் திகதியோடு ஒரு வரியாக ‘முடிவுகள்’ தாளில் எழுதவேண்டும்.

ட்ரைவ் ஃபோல்டரின் சொந்தக்காரர் யார் என்பதையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பகிர்ந்த ஃபோல்டரில் இருந்தாலும் கோப்பு அதை ஏற்றியவருடையதுதான். அவர் கோபித்துக்கொண்டு கணக்கை அழித்தால் அதுவும் போகும். இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகிளே அழிக்கலாம். குழுவுக்கென்று ஒரு கணக்கு, கடவுச்சொல் இருவரிடம்.

இதழ் வெளிவந்த பிறகு பிடிஎஃபை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கவேண்டாம். பிடிஎஃபிலிருந்து தமிழைப் பிரதியெடுத்தால் கொம்புகள் இடம் மாறி எழுத்துக்கு முன்னால் வந்து குந்தும், சொற்கள் உடையும். ஒவ்வொரு ஆக்கத்தின் யூனிகோட் எழுத்தையும் வெறும் எழுத்துக் கோப்பாகத் தனியே எடுத்து வன்வட்டில் போடுங்கள். கோப்பின் பெயர் குறுகியதாக இருக்கட்டும். அன்ட்ரொயிடில் பெயருக்கு 255 பைட் எல்லை, தமிழில் எழுத்துக்கும் குறிக்கும் தலா மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல் மட்டும் 15 பைட். கவிதையின் முதல் வரி முழுவதையும் பெயராக வைத்தால் விண்டோஸில் திறபடும், போனுக்கு மாற்றும்போது நடுவழியில் நிற்கும்.