தூதுவன் விட்ட நான்கு வரிகள்

ஹோமரின் ட்ராய்ப் போர்க் காவியமான இலியட்டில், கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அவமதித்ததால் பெருவீரன் அகிலிஸ் போரிடாமல் ஒதுங்கியிருக்கிறான். அவனைத் திரும்ப அழைக்க ஒன்பதாம் காண்டத்தில் அகமெம்னான் அடுக்குகிற பரிசுப் பட்டியலைத் தூதனான ஒடிசியஸ் அகிலிஸிடம் போய் அப்படியே ஒப்பிக்கிறான். தீயில் ஏறாத முக்காலிக் கலங்கள் ஏழு, பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரைகள், பந்தயம் வென்ற பன்னிரண்டு குதிரைகள், லெஸ்போஸ் பெண்கள் ஏழு பேர், அகிலிஸிடமிருந்து பறித்துக்கொண்டு போன பிரிசெய்ஸ் என்ற பெண், அவளைத் தொடவில்லை என்கிற சத்தியம், ட்ராய் விழுந்தால் இன்னும் இருபது பெண்கள், தன் மகள்களில் ஒருத்தி, சீராக ஏழு ஊர்கள். கிட்டத்தட்ட வரிக்கு வரி அதே சொற்கள். கடைசி நான்கு வரிகள் மட்டும் காணோம். "அவன் பணியட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன், வயதிலும் மூத்தவன்" என்று அகமெம்னான் முடித்த வரிகள் அவை. அந்த இடத்தில் ஒடிசியஸ் வேறொன்றைச் சொல்கிறான்: அவனை உனக்குப் பிடிக்காவிட்டால் போகட்டும், மற்ற கிரேக்கர்கள் மேலாவது இரக்கம் வை.

இதை எம்.ஏ. வகுப்புக்கு எடுக்கும்போதெல்லாம் ஒடிசியஸ் பக்கம்தான் பேசிவந்தேன். சண்டையை மூட்டிவிடவா தூது போகிறான்? கோபத்தில் வந்த வார்த்தையை வடிகட்டுவது அவன் வேலை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் முன்பு இருந்த தெம்பு இல்லை.

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வந்துபோன பிறகு நடந்த விழாவில் யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், யாருக்குப் போர்த்தவில்லை என்பதையெல்லாம் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஃபைல் அத்தனையும் தயார் செய்தவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள், கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்குழுவான ஐ.க்யூ.ஏ.சி.யின் அறைச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, வகுப்பு மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்.

ஒரு சால்வைக்கு இவ்வளவா என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். இலியட் படித்தவனால் அப்படிக் கேட்க முடியாது. பிரிசெய்ஸைப் படையே சேர்ந்து அகிலிஸுக்குக் கொடுத்தது. எல்லார் முன்னாலும் கொடுத்ததை எல்லாரும் பார்க்கப் பறித்தார்கள். ட்ராய்க்காரர்கள் என் மாட்டை ஓட்டிக்கொண்டு போகவில்லை, என் ஊரான ஃபித்தியாவில் என் பயிரை அழிக்கவில்லை, உனக்காகத்தானே வந்தேன் என்று அகிலிஸ் அகமெம்னானிடம் முதல் காண்டத்திலேயே கேட்டுவிடுகிறான். உழைத்தவனுக்குக் கிடைக்கும் மரியாதையும் உழைக்காதவனுக்குக் கிடைப்பதும் ஒன்றுதான் என்றால் எதற்கு உழைப்பது? ஒன்பதாம் காண்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கசப்பாக வரும்.

ஆண்டறிக்கைக்குக் கடைசி தேதி நெருங்கியபோது பிரின்சிபால் என்னையும் கணிதத் துறை மேடத்தையும் சாவியைக் கொடுத்தவர் வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பும்போது ஒரு பட்டியல் இருந்தது: பழைய பொறுப்பு, வகுப்பு நேரத்தில் குறைப்பு, தனி அறை, பட்டமளிப்பு விழாவில் மேடை. அப்புறம், "ஆனா முதல்ல அவர் என் ரூமுக்கு வரட்டும். இங்க யார் பிரின்சிபால்னு அவருக்குத் தெரியணும்."

நான் பட்டியலைச் சொன்னேன். கடைசியில் வந்ததைச் சொல்லவில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ்வளவுதான் சொன்னாரா?" என்றார்.

"இவ்வளவுதான் சார்."

"புக் நைன் எடுத்து முடிச்சிட்டியாப்பா?"

எனக்கு முன்னால் அந்தப் பேப்பரைப் பல வருடம் எடுத்தவர் அவர். அந்த செமஸ்டரில் அப்போது நான் எடுத்துக்கொண்டிருந்ததும் அந்தப் பகுதிதான். ஆகவே அது வெறும் விசாரிப்பாகவும் இருக்கலாம். "பாதி ஆயிருக்கு சார்" என்றேன். அவர் தலையாட்டினார். இந்த நான்கு பேச்சைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அகமெம்னானின் அந்த நான்கு வரிகளில் பாதாளம் வருகிறது. வளைந்துகொடுக்காதவன் பாதாள தேவன் ஹேடஸ் ஒருவன்தான், அதனால்தான் மனிதர்கள் அவனை வெறுக்கிறார்கள் என்கிறான். ஒடிசியஸ் இதைச் சொல்லவேயில்லை. ஆனால் அகிலிஸ் பதில் பேச வாயைத் திறந்ததும் வருவது என்ன? மனதில் ஒன்றை மறைத்து வாயால் வேறொன்றைச் சொல்கிறவனை ஹேடஸின் வாசலைப் போல வெறுக்கிறேன் என்கிறான். காதில் விழாத வரிக்குப் பதில் சொல்வதுபோல இருக்கும். யாரைச் சொல்கிறான்? அகமெம்னானையா, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒடிசியஸையா, தான் இனி ஒளிக்காமல் பேசப்போகிறேன் என்கிறானா? மூன்றுக்கும் அந்த வரி இடம் கொடுக்கிறது. தேர்வுத்தாளில் எதை எழுதினாலும் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

நான் விட்ட அந்த வாசகத்தைச் சொல்லியிருந்தால் அவர் எங்களை எழுந்து போகச் சொல்லியிருப்பார், காரியம் அன்றே கெட்டிருக்கும். இது ஒரு வாதம், நல்ல வாதம். சொல்லாததால் அவருக்கு என்ன நஷ்டம்? சரி, அவர் என் பேச்சை நம்பி அந்த அறைக்குப் போயிருந்தால், உள்ளே தனக்கு என்ன காத்திருக்கிறது என்று தெரியாமல் போயிருப்பார். ஒடிசியஸ் ஏன் விட்டான் என்று ஹோமர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. படைக்காகவா, அகிலிஸின் மனம் நோகக் கூடாது என்றா, அல்லது முடியாததை முடித்துக்கொடுத்தவன் என்று பெயர் வாங்கவா? என் விஷயத்தில் இந்த மூன்றாவதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. அது மட்டும்தான் காரணம் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் பேச்சால் ஒன்றும் நடக்கவில்லை. மேடம்தான் கிளம்பும்போது பட்டென்று சொன்னார்: "சார், உங்க கோபம் நியாயம்தான். ஆனா இப்ப ராத்திரி எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து டேட்டா ஏத்துறது புதுசா சேர்ந்த பிள்ளைங்க. அதுங்க உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" அவர் பதில் சொல்லவில்லை.

அகிலிஸும் ஒடிசியஸுக்கு, விடிந்ததும் கப்பலேறுகிறேன் என்கிறான். தூதில் கூட வந்த, தன்னை வளர்த்த கிழவர் ஃபீனிக்ஸ் அழுது பேசியதும், போவதா இருப்பதா என்று காலையில் பார்க்கலாம் என்கிறான். மூன்றாவது தூதன் அஜாக்ஸ் பேசுவது கொஞ்சம்தான்: அண்ணனையோ மகனையோ கொன்றவனிடம்கூடப் பணம் வாங்கிக்கொண்டு ஆறிப்போகிறார்கள், உன் கூரைக்குக் கீழே வந்து நிற்கும் நண்பர்களுக்காக ஆறக் கூடாதா? அதற்குப் பிறகு கப்பல் பேச்சே இல்லை. ட்ராய்ப் படையின் தலைவன் ஹெக்டர் என் கப்பல்கள் வரை வரட்டும், அப்போது பார்ப்போம் என்கிறான். நீண்ட பட்டியல் அசைக்காததை அந்தச் சின்னப் பேச்சு அசைத்தது. திரும்பிப்போய் ஒடிசியஸ் சொன்னதோ முதல் பதிலை மட்டும். போகும்போது ஒன்றை விட்டான், வரும்போது இரண்டை விட்டான். நானும் பிரின்சிபாலிடம், "யோசிச்சுச் சொல்றேன்னார் சார்" என்றேன். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் அவராகவே வந்தார். பொறுப்பு வேண்டாம், தனி அறை வேண்டாம். அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அறிக்கையை முடித்துக்கொடுத்தார். பிரின்சிபால் அறைக்குக் கடைசி வரை போகவில்லை. என்னிடம் எப்போதும்போலப் பேசினார், அதுதான் தாங்கவில்லை. மேடம் சொன்னதற்காக வந்தாரா, தான் இல்லாமல் நடக்காது என்று காட்டவா, வேலை அரைகுறையாகக் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமலா? உயிர் நண்பன் பாட்ரோக்ளஸ் செத்த பிறகு அகிலிஸ் போருக்குத் திரும்பும்போது அந்தப் பரிசுகளைக் கொடுத்தால் கொடு, வைத்துக்கொண்டால் வைத்துக்கொள் என்று அலட்சியமாகச் சொல்கிறான். மானம்தான் காரணம் என்று அவ்வளவு பேசியவனுக்கு அது காரணமாக இல்லாமல் போய்விட்டது. எங்கள் கல்லூரியில் நல்லவேளையாக யாரும் சாகவில்லை. அதனால் இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் இழுப்பது அபத்தம்.

இப்போது அந்தப் பகுதி வரும்போது, ஒடிசியஸ் ஏன் விட்டான் என்று வகுப்பில் கேட்பதில்லை. அகிலிஸுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறேன். கவிஞருக்குத் தெரியும், அதான் என்பார்கள். போன முறை ஒரு மாணவி, "ராஜா நேர்ல வரலையே சார், அதுலயே தெரிஞ்சிடுமே" என்றாள். உண்மைதான். என் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை என்று அகிலிஸே அந்தப் பதிலில் சொல்கிறான். நான் விட்ட வாசகத்துக்கு இதில் வேலையே இல்லை என்று அன்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் பத்தொன்பதாம் காண்டத்தில் அகமெம்னான் நேரிலேயே, படை முழுவதும் கூடியிருக்கும்போது பேசுகிறான். அப்போதும், குற்றம் என்மேல் இல்லை, தேவர்களின் அரசன் ஜீயஸ் என் புத்தியை மறைத்துவிட்டான் என்றுதான் ஆரம்பிக்கிறான்.