கிலாவேயாவின் சாய்வுக் கோட்டோடு பத்து மாதங்கள்

ஹவாய்த் தீவில் இருக்கும் கிலாவேயா எரிமலை 2024 டிசம்பர் 23 அதிகாலையில் மறுபடி குமுற ஆரம்பித்தது. இடம், உச்சியில் உள்ள ஹலேமாஉமாஉ பள்ளம். முதல் வாரம் நான் செய்ததெல்லாம் நேரலைக் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான். நெருப்பு தெரிந்தால் பார்ப்பேன், அணைந்தால் மூடிவிடுவேன். முதல் எபிசோடு, அதாவது லாவா ஊற்று விடாமல் பீச்சும் ஒரு சுற்று, அன்றைக்கே முடிந்துவிட்டது. இரண்டாவது மறுநாள் தொடங்கி ஒரு நாள் ஓடியது. மூன்றாவது டிசம்பர் 26 முதல் ஜனவரி 3 வரை நீண்டது. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாட்களுக்கு ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஜனவரி 15 அன்று நான்காவது வந்தது.

நோட்டுப் போட்டது அப்போதுதான். நின்ற பிறகு திரும்ப வருகிறது என்றால், நடுவில் இருக்கும் அந்த அமைதியான நாட்களில் கீழே ஏதோ நடக்கிறது. அதை வெளியிலிருந்து பார்க்க முடியுமா என்று தேடியபோது கிடைத்தது சாய்வுமானி வரைபடம்.

சாய்வுமானி என்பது தரை எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும் கருவி. பள்ளத்துக்கு வடமேற்கே உவேகஹுனா என்ற இடத்தில் ஒன்று இருக்கிறது. ஹவாய் எரிமலை ஆய்வகம் அதன் வரைபடத்தை எல்லோரும் பார்க்கும்படி தொடர்ந்து வெளியிடுகிறது. அலகு மைக்ரோரேடியன். ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியைக் கீழே கிடத்தி, ஒரு முனையை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் எவ்வளவு சாயுமோ, அதுதான் ஒரு மைக்ரோரேடியன். இதைப் படித்த அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மலை மூச்சு வாங்குவதை ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பிடிக்க முடிகிறது!

கீழே மாக்மா சேரச் சேர உச்சி உப்பும், கோடு ஏறும். லாவா ஊற்று பீச்சத் தொடங்கியதும் உச்சி இறங்கும், கோடு சரசரவென்று கீழே வரும். ஊற்று நின்ற நிமிடமே மறுபடி மேலே திரும்பிவிடும். ஒரு மாத வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ரம்பத்தின் பற்கள் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஓர் எபிசோடு.

பிப்ரவரி, மார்ச்: கற்றுக்கொண்ட தவறுகள்

முதல் தவறு, கோடு இறங்கினாலே வெடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. ஒரு நாள் கோடு கீழே போகிறது, ஓடிப்போய்க் கேமராவைத் திறந்தால் வெறும் புகை. கிலாவேயாவில் இது அடிக்கடி நடக்குமாம். உச்சி சில மணி நேரமோ ஓரிரு நாளோ மெதுவாக இறங்கிவிட்டுத் தானே பழைய நிலைக்கு ஏறிவிடும். இறக்கம்-ஏற்றம் என்றே இதைக் குறிப்பிடுகிறார்கள். ஊற்றால் வரும் இறக்கம் செங்குத்தானது, நில அதிர்வு வரைபடத்தில் கூடவே ஒரு தடித்த நடுக்கம் எழும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்று அன்றிலிருந்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தவறு, மழை. கனமழை பெய்தால் சாய்வுமானியும் லேசாக ஆடும். பகல்-இரவு வெப்ப மாற்றமும் சில கருவிகளில் தினசரி நெளிவாகத் தெரியும். எனவே ஒரு மணி நேரத்துக் கோட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது.

நேரக் கணக்கும் கொஞ்ச நாள் குழப்பியது. ஹவாய் நேரம் உலக நேரத்துக்குப் பத்து மணி நேரம் பின்னால் ஓடுவது. நோட்டில் எல்லாவற்றையும் ஹவாய் நேரத்திலேயே எழுதுவது என்று மார்ச்சில் முடிவு செய்து, பழைய பக்கங்களையும் திருத்தினேன். அப்புறம் சிக்கல் இல்லை.

ஜூன்: நாட்காட்டியை நம்பியது

இதற்குள் ஊற்றின் சுபாவமே மாறியிருந்தது. ஆரம்பத்தில் நாள் கணக்கில் ஓடியவை மே மாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் அரை நாளுக்குள் முடிந்தன. நேரம் சுருங்கச் சுருங்க உயரம் கூடியது. மே 25 அன்று வந்த 23ஆவது எபிசோடில் ஊற்று 300 மீட்டரை எட்டியது. கேமராவின் சட்டத்துக்குள் அடங்கவில்லை, உச்சி வெட்டுப்பட்டுத்தான் தெரிந்தது. அவ்வளவு உயரத்துக்குத் தள்ளுவது வாயு. மாக்மா மேலே வர வர அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு நுரைத்துப் பிரியும். குறுகிய வாய் வழியாக அந்த நுரை ஒரேயடியாக வெளியேறும்போது லாவாவையும் கிழித்துக்கொண்டு போகும். காற்றில் அப்படி இழுபட்டுக் கண்ணாடி நூலாக உறைவதைத்தான் பெலேயின் கூந்தல் என்கிறார்கள். பெலே அந்த மண்ணின் எரிமலைத் தெய்வம், ஹலேமாஉமாஉ அவளுடைய இருப்பிடம். ஹவாய் மக்களுக்கு இது வெறும் காட்சி இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும் நானும் அதை மறக்காமல் இருக்கத்தான், நோட்டின் முதல் பக்கத்தில் அந்த இடத்தின் பெயரை அவர்கள் உச்சரிக்கும்படி பிரித்து எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, ஜூன் 20, ஜூன் 29, ஜூலை 9, ஜூலை 20. இடைவெளி 9, 9, 10, 11 நாட்கள். இவ்வளவு ஒழுங்காக வந்தால் சாய்வுக் கோடு எதற்கு என்று தோன்றிவிட்டது. 30ஆவது எபிசோடு ஜூலை 31 அல்லது ஆகஸ்ட் 1 என்று அழுத்தமாக எழுதினேன். அந்த இரண்டு இரவும் கேமரா முன்னால்தான் இருந்தேன். வாய் உள்ளே மட்டும் மங்கலாகச் சிவந்து கிடந்தது. ஊற்று வந்தது ஆகஸ்ட் 6 அன்று, 17 நாள் கழித்து. அடுத்ததுக்கு 16 நாள். அதற்கடுத்தது செப்டம்பர் 2, வெறும் 11 நாள்.

ஆக, எரிமலைக்குத் தேதி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அழுத்தம்தான்.

ஆகஸ்ட், செப்டம்பர்: கோட்டுக்குத் திரும்பியது

இப்போது நான் செய்யும் முறை இது. போன எபிசோடில் கோடு எத்தனை மைக்ரோரேடியன் இறங்கியது என்று முதலில் குறித்துக்கொள்வேன். பிறகு தினமும் ஒரே நேரத்தில், எவ்வளவு திரும்ப ஏறியிருக்கிறது என்று ஒரு புள்ளி வைப்பேன். இழந்ததை ஏறக்குறைய மீட்கும்போதுதான் அடுத்தது வருகிறது. நான் ஆரம்பத்தில் கோட்டடி வைத்து நேர்கோடாக நீட்டினேன். என் கணிப்புத் தேதி எப்போதும் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே விழுந்தது. காரணம் புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: முதல் நாட்களில் வேகமாக ஏறும், போகப்போகத் தளரும். கோட்டடியைத் தூக்கி வைத்துவிட்டுக் கையால் வளைத்து வரைய ஆரம்பித்ததிலிருந்து கணிப்பு நெருங்கி வருகிறது. நடுவில் ஓர் இறக்கம்-ஏற்றம் வந்தால் அது தின்ற நாட்களையும் சேர்த்துத் தள்ளிவைப்பேன். ஆய்வகம் தன் கணிப்பை வெளியிடும் முன்பே என்னுடையதை எழுதி, பக்கத்தில் நேரமும் போட்டுவிடுவேன். அவர்களுடையதைப் பார்த்த பிறகு எழுதினால் அதில் நான் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

33ஆவது எபிசோடுக்கு முன்னால் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை மாதத்தில் நான் மிக நெருக்கமாகப் பார்த்தது அதுதான். செப்டம்பர் 18 அன்று வாயின் விளிம்பில் லாவா எட்டிப் பார்த்தது. மெல்ல உப்பி, கரையைத் தாண்டி, கூம்பின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு நாக்காக வழிந்தது. ஊற்று வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். திடீரென்று மேற்பரப்பு கிழிந்து துளிகள் தெறித்தன, அடுத்த கணம் மொத்தமும் உள்ளே சரிந்து வாய் இருண்டது. சில நிமிடம் ஒன்றுமில்லை. மறுபடி அடியில் ஒரு வெளிச்சம், மறுபடி உப்பல், வழிதல், சரிவு. லாவாவின் மேல்தோலுக்கு அடியில் வாயு சிக்கிக்கொண்டு முழுத் தூணையும் உயர்த்துகிறது, தோல் கிழிந்ததும் வாயு போய்விடுகிறது, தூண் விழுகிறது. பிஸ்டன் மாதிரி ஏறி இறங்குவதால் வாயு பிஸ்டன் என்றே பெயர். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நோட்டில் ஒரு கோடு கிழித்தேன், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. ஒரு கட்டத்தில் கோடுகள் இரண்டு வரிசையாகிவிட்டன. இந்த வழிதல்களை எபிசோடாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊற்று விடாமல் எழும்பினால்தான் எபிசோடு.

19ஆம் தேதி அதிகாலை மூன்று மணி தாண்டியது. ஓர் உப்பல் வழிந்தது, தெறித்தது, ஆனால் சரியவில்லை. நடுவில் ஒரு மேடு எழுந்து அப்படியே நின்றது. நான் எதிர்பார்த்த சரிவு வரவே இல்லை, மேடு ஆள் உயரமா மர உயரமா என்று மதிப்பிடுவதற்குள் படம் முழுக்க வெளுத்தது. சாய்வுக் கோடு அதே நேரத்தில் தலைகீழாகத் திரும்பியிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

அன்று நண்பகலில் நின்றது. அவ்வளவு உயரத்துக்குப் பாய்ந்த ஊற்று சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வாயைச் சுற்றித் தேங்கியிருக்கும் லாவா வாயு இழந்து கனத்துப்போனது, அது வந்த வழியிலேயே உள்ளே வடியும். இதைப் பார்க்கப் பலர் காத்திருப்பதில்லை, ஊற்று நின்றதும் மூடிவிடுகிறார்கள். இன்னும் அரை மணி நேரம் இருந்து பார்ப்பது நல்லது.

அக்டோபர்

35ஆவதுக்கு நான் எழுதியிருந்தது அக்டோபர் 16 முதல் 19 வரை. 17ஆம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. தெற்கு வாயின் ஊற்று 450 மீட்டரைத் தாண்டியது, இந்தக் குமுறலில் அதுவரை எழுந்த மிக உயரமான ஊற்று. வடக்கு வாயும் கூடவே பீச்சியது. விடிவதற்குள் முடிந்தும்விட்டது.

இது எப்படி மாறும் என்று யோசிக்கும்போது புஊ ஓஓ நினைவுக்கு வருகிறது. இதே கிலாவேயாவின் கிழக்குப் பிளவில் 1983 ஜனவரியில் தொடங்கியது. மூன்றரை ஆண்டு இப்படித்தான், நாற்பதுக்கும் மேற்பட்ட ஊற்றுகள், நடுநடுவே அமைதி. 1986 ஜூலையில் சில கிலோமீட்டர் தள்ளிப் புது வாய் திறந்து, லாவா அமைதியாக ஓட ஆரம்பித்தது. அந்தக் குமுறல் மொத்தமாக ஓய்ந்தது 2018இல். உச்சியும் அப்படிப் போகும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் இடைவெளி நீள்வது, ஊற்று உயர்வது, வழிதல் கூடுவது என்று மூன்றையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதி வருவது அதற்காகத்தான்.

18ஆம் தேதி காலையிலேயே கோடு ஏறத் தொடங்கிவிட்டது. முதல் நாள் ஏற்றம் எப்போதும் செங்குத்தாக இருக்கும், அதை வைத்து எழுதினால் தேதி முன்னால் போய் விழும். மூன்றாம் நாள் மாலைப் புள்ளி வந்த பிறகுதான் 36க்கான தேதியை எழுதுவேன்.