இடுப்புப் பிடித்த குதிரையை மீட்டெடுப்பது

குதிரையின் இடுப்பில் ஏதோ கோளாறு என்பது பெரும்பாலும் லாடம் அடிக்கும் நாளில்தான் தெரியவரும். ஒரு பின்காலைத் தூக்கிப் பிடித்தால் பின்பாதியின் பாரமெல்லாம் ஊன்றி நிற்கும் மறு காலுக்குப் போய்விடும். அந்தப் பக்கம் வலி இருந்தால் குதிரை காலைப் பிடுங்கிக்கொள்ளும், இல்லையென்றால் ஆளின் மேல் சாயும். "அண்ணே, இடது காலைக் கொடுக்கவே மாட்டேங்குது" என்று ஒரு சைஸ் (குதிரையைப் பராமரிக்கும் ஆள்) சொன்னால், குணக்கேடு என்று தள்ளிவிட்டுப் போகக் கூடாது. இடது காலைத் தூக்க விடாத குதிரைக்கு வலது பக்கம் வலிக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு பந்தயம் ஓய்ந்துவிட்டது. ஆனால் இங்குள்ள சவாரிப் பள்ளிகளில் குதிரை வேலை தொடர்கிறது. பந்தயத்தில் ஓடி முடித்து அங்கே வந்துசேர்ந்த தரோபிரெட் என்னும் பந்தய இனக் குதிரைகளிடம் இந்தப் பிடிப்பு அடிக்கடி தலைகாட்டும்.

முதுகெலும்பின் பின்பகுதியில் 5 எலும்புகள் ஒட்டி ஒன்றாகியிருப்பது சேக்ரம். அதன் இரு பக்கமும் இடுப்பெலும்பு வந்து சேரும் இடம் சேக்ரோஇலியாக் மூட்டு. அந்த மூட்டு அசைவது மிகமிகக் கொஞ்சம்தான். ஆனால் பின்கால் உந்தித் தள்ளும் விசை அத்தனையும் அதன் வழியாகத்தான் முதுகுக்குப் போகிறது. தடித்த தசைநார்கள் அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று நைந்தாலும் ஆற மாதக்கணக்காகும். மூட்டு தசைக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் வெளியிலிருந்து கைக்கு எட்டாது. "எலும்பு விலகியிருந்தது, தட்டிச் சரிசெய்துவிட்டேன்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அடையாளங்கள் கேண்டரில், அதாவது மிதமான பாய்ச்சலில், நன்றாகத் தெரியும். இரண்டு பின்கால்களையும் சேர்த்து வைத்து முயல்போலத் தத்தும். முன்கால் ஒரு பக்கத்துக்கும் பின்கால் வேறு பக்கத்துக்கும் ஓடும். வால் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கும். சமதரையில் நான்கு கால்களையும் நேராக நிறுத்திப் பின்னாலிருந்து பார்த்தால் புட்டத்து உச்சியின் இரு மேடுகளும் ஏறுமாறாக இருக்கலாம். ஆனால் மேடு சமமில்லாத நல்ல குதிரைகளும் நிறைய உண்டு. அதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

இரண்டு நிலைகளில் குதிரையை ஓர் அடிகூட நடத்தக் கூடாது. வேலைக்குப் பின் தசை கல்லாக இறுகி, வியர்த்து நின்று, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது தசை சிதையும் நோய். நடத்த நடத்தச் சிதைவு கூடும். திடீரென்று பின்காலை ஊன்றவே முடியாமல் போனால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். விலகிய எலும்பு முனை உள்ளே ஓடும் பெரிய தமனியைக் கிழித்தால் குதிரை நின்ற இடத்திலேயே சாகும். இரண்டிலும் மருத்துவர் வரும்வரை நின்றது நின்றபடி இருக்கட்டும்.

மற்ற நேரங்களிலும் பின்காலின் நடுவிலுள்ள ஹாக் மூட்டையும், அதற்குக் கீழே காலின் பின்புறம் ஓடும் சஸ்பென்சரி தசைநாரையும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். கீழே கால் வலிப்பதால் மேலே முதுகு இறுகியிருந்தால், முதுகுக்கு மட்டும் செய்யும் வைத்தியம் நிற்காது.

முதல் இரண்டு வாரம் பெட்டியில் (லாயத்தில் குதிரை நிற்கும் தனி அறையில்) ஓய்வு. காலையும் மாலையும் 5 முதல் 10 நிமிடம் கையில் பிடித்து நேராக நடத்தினால் போதும். லாயத்து நடைபாதையில் சட்டென்று திருப்பாமல், இடம் விட்டு அகலமாகத் திருப்ப வேண்டும். குளிப்பாட்டும் இடத்து ஈரச் சிமெண்டுத் தரையில் ஒரு காலடி வழுக்கினால் அதுவரை ஆறியது வீண். ரப்பர் விரிப்பு இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். தானியத்தைக் குறைத்து, 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7.5 முதல் 10 கிலோ காய்ந்த புல் கொடுக்கலாம். வேலையில்லாத குதிரைக்குப் பழைய அளவில் தானியம் கொடுத்தால் பெட்டிக்குள்ளேயே துள்ளிக் காயத்தைக் கூட்டிக்கொள்ளும். பியூட் என்னும் வலிமருந்து கொடுக்கும் நாட்களில் வலி மறைந்துதான் இருக்கிறது. அந்த நாட்களில் நடையைக் கூட்டக் கூடாது.

வலி அடங்கியதும் கேரட் பயிற்சி. முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் ஓடும் மல்ட்டிஃபிடஸ் தசை வலியின்போது சுருங்கிவிடும். வலி போனாலும் தானாகத் திரும்பாது என்பதால்தான் இந்தப் பயிற்சி. நடத்திச் சூடேற்றிய பிறகு, குதிரையைச் சுவரோரம் நிறுத்தி, கேரட்டைக் காட்டி மூக்கை மார்புக்கு, முழங்கால்களுக்கு நடுவே, பிறகு குளம்புப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அடுத்து விலாவுக்கும் இடுப்புக்கும், இரு பக்கமும். ஒவ்வொன்றும் 5 தடவை, தடவைக்கு 5 நொடியாவது நிற்க வேண்டும், வாரத்தில் 5 நாள். கேரட்டை வேகமாக இழுத்தால் குதிரை கழுத்தை வெடுக்கென்று திருப்பிக் கடித்துவிட்டுப் போகும், முதுகு வேலையே செய்யாது. மெதுவாக இழுத்தால் வயிறு மேலேறி முதுகு தூக்குவது கண்ணுக்கே தெரியும்.

பிறகு கையில் பிடித்தபடி கம்புகள் மேல் நடை. நான்கு கம்பு, இடைவெளி 80 முதல் 90 சென்டிமீட்டர், முதலில் தரையோடு. சரியாகத் தாண்டினால் 10 சென்டிமீட்டர் உயர்த்தலாம். நேர்கோட்டு நடை 30 நிமிடம் சிரமமில்லாமல் வந்த பிறகே ட்ராட் (பெருநடை ஓட்டம்), அதுவும் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான். 20 மீட்டருக்குக் குறைந்த வட்டம் நெடுநாளைக்கு ஆகாது. லஞ்ச் கயிற்றில் (நடுவில் நின்று குதிரையைச் சுற்றவிடும் நீளக் கயிற்றில்) சின்ன வட்டம் சுற்றவிடுவதுதான் லாயங்களில் நடக்கும் பெரிய தவறு. உள்பக்கக் காலில் பாரம் திருகி விழுவதால் புண்பட்ட மூட்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

இந்த ஊர் வெயிலும் புழுக்கமும் தனிக் கணக்கு. களைத்த குதிரை முதுகைத் தொங்கப்போட்டுக் காலை இழுக்கும், கம்பில் தட்டும். அதனால் பயிற்சியைக் காலை 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. வெப்பமண்டலத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும். மேல் காய்ந்திருந்து மூச்சு மட்டும் வாங்கினால் உடனே நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, விசிறிக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். ஓய்வில் உடல்சூடு 37.5 முதல் 38.5 டிகிரி. வேலை முடிந்து அரை மணி நேரமாகியும் 39.5க்குக் கீழே இறங்காவிட்டால் அன்றைக்கு அத்தோடு சரி.

எல்லாவற்றிலும் ஆபத்தான கட்டம் ஏறக்குறைய ஆறாவது வாரம். குதிரை பளபளவென்று இருக்கும், துள்ளும், நொண்டாது. உரிமையாளர் ஏறிப் பார்க்க ஆசைப்படுவார். பள்ளிக்கு ஆள் ஏற்றக் குதிரை வேண்டியிருக்கும். ஆனால் தசைநார் இன்னும் ஆறியிருக்காது. முடியாது என்று உறுதியாகச் சொல்ல வேண்டியது தினமும் அதைத் தொட்டுப் பார்க்கிற சைஸ்தான். வாய்ப்பேச்சு நிற்காது என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே தரையில், பின்னாலிருந்து ஒரு படம் எடுத்துவைத்தால் புட்டத்துச் சதை நிறைந்ததா என்று காட்டிப் பேசலாம். வேலைக்கு மறுநாள் காலை முதுகில் விரலை ஓட்டும்போது சிலிர்த்துக் குனிந்தால், ஒரு வாரம் முந்தைய படிக்குப் போக வேண்டும்.

முதுகுச் சதை வளர வளரப் பழைய சேணம் பொருந்தாது. ஏறும் முன் மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். லாடத்தை 4, 5 வாரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. பின்குளம்பு முன்னால் நீண்டு குதிகால் தாழ்ந்தால் பாரம் இடுப்புக்கே போகும். லாடக்காரரிடம் காலைத் தாழ்வாகப் பிடிக்கச் சொல்லி, இடையிடையே கீழே வைக்க விட வேண்டும்.

கேண்டர் மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றால் மட்டும், நீண்ட நேர்கோட்டில். அதிலும் பின்கால் பக்கம் மாறி விழுந்தால் அடித்துத் திருத்தப் பார்க்காமல், இரண்டு வாரம் ட்ராட்டுக்கும் கம்புகளுக்கும் திரும்ப வேண்டும். அதற்கும் மாறவில்லை என்றால் வலி இன்னும் உள்ளே இருக்கிறது. மூட்டுப் பக்கம் ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.