அடிமட்டத்தால் கீறிய அருவி

ஊரிலிருந்து ரொறன்ரோவுக்கு யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பெருவெள்ளத்தின் முன்னால் நிற்கும் ஒவ்வொரு முறையும், "இது 57 மீற்றர் தான் தம்பி. எங்கட மலைநாட்டுப் பம்பரகந்த அருவி 263" என்று எனக்குள் ஒரு குரல் கேட்கும். எங்கள் புவியியல் சேரின் குரல் அது. மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டதும் அவரும், 2003 மார்கழி விடுமுறையில் அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போன அந்தப் பயணமும் தான் கண்முன் வந்தன.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்பது கீழேயிருந்து மேலே வருவது. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தின் கீழ் தேங்கும். நாங்கள் கிணறு வெட்டி, துலாவாலும் வாளியாலும் பம்பாலும் அதை மேலே எடுப்போம். ஆறென்று சொல்ல எங்களுக்கு இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு. மலையை எங்கள் வகுப்பில் ஒருவரும் கண்டதில்லை.

சேர் கரும்பலகையில் அடிமட்டத்தை வைத்து மலைநாட்டின் குறுக்குவெட்டைக் கீறுவார். மூன்று படிகள். மேற்படியின் விளிம்பிலிருந்து நேர்செங்குத்தாக ஒரு கோடு. "குடா ஓயா. வளவை கங்கைக்குப் போற ஆறு. படி முறியிற இடத்தில விழுகுது. 263 மீற்றர், இலங்கையிலேயே உயரமானது. இரண்டாவது தியலும, 220." எங்களுக்கு முந்திய எத்தனையோ வகுப்புகளுக்கும் அவர் இதே கோட்டைத் தான் கீறியிருந்தார். பாதை பூட்டிக் கிடந்த காலம் அது.

2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும் அவர் அதிபரிடம் போனார். பெற்றோர் பயந்தார்கள். என் அம்மா கடைசி வரை சம்மதிக்கவில்லை. சேர் வீட்டுக்கே வந்து திண்ணையில் இருந்து, "அம்மா, நான் கூட்டிக்கொண்டு போறன், நானே கொண்டுவந்து விடுறன்" என்றார். அதற்குப் பிறகு தான் அம்மா இடியப்பம் கட்டித் தந்தார்.

முகமாலை, ஓமந்தை சோதனைச் சாவடிகளில் இறங்கிப் பைகளைத் திறந்து காட்டினோம். அந்த இரவு ஒரு தோட்டப் பாடசாலையின் வகுப்பறையில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். விடியற்காலையில் அந்தத் தோட்டத்து வீடுகளிலிருந்து சுடச்சுட ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. எங்களை முன்பின் தெரியாத அந்த அம்மாமார் கொழுந்து பறிக்கப் போவதற்கு முன் எழும்பிச் சுட்டவை அவை. அந்த ரொட்டிக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டவன்.

கலுபகனை சந்தியில் இறங்கினோம். அங்கிருந்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர் ஏற்றம். பாதை ஒடுக்கம், பஸ் ஏறாது என்றார் சாரதி. நடந்தோம். அந்த ஏற்றம் இப்போது பெரிதாக நினைவில் இல்லை. நினைவில் நிற்பது கடைசியில் வந்த அந்தக் குறுகிய காட்டு வழி மட்டும் தான்.

இரண்டு பக்கமும் பைன் மரங்கள். காலுக்குக் கீழே ஊசி இலைகள் மெத்தை போலக் கிடந்து வழுக்கின. "இது இந்த மண்ணின்ர மரம் இல்லை. வனத் திணைக்களம் கொண்டுவந்து நட்டது. இலை கெதியில உக்காது, கீழ வேற செடி எழும்ப விடாது" என்று சேர் நடந்தபடியே பாடம் நடத்தினார். மணற்காட்டுச் சவுக்கந்தோப்பில் கேட்பது போல ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே வந்தது. காற்று என்று தான் நினைத்தேன். ஓரிடத்தில் மரங்கள் அசையாமல் நின்றன. இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

வழிகாட்ட வந்த தோட்டத்துப் பெடியனிடம் என் வாங்குக்காரன், "பம்பரம் மாதிரி இருக்கிற மலையோ?" என்று கேட்டான். "இல்லண்ணே, சிங்களத்துல பம்பரன்னா மலைத்தேனீ. கந்தன்னா மலை" என்றான் அவன். அன்று நான் படித்த முதற் சிங்களச் சொற்கள் அவை.

மரங்கள் விலகின. அண்ணாந்து பார்த்தேன், பார்வை போய்க்கொண்டே இருந்தது. கரும்பாறையின் உச்சியில் வெள்ளையாகப் புறப்பட்ட தண்ணீர், பாதி தூரத்தில் தண்ணீராக இல்லை. புகையாகி, காற்று தள்ளிய பக்கம் சாய்ந்து, எங்கள் முகத்தில் தூறலாக வந்து விழுந்தது. ஒருவரும் கத்தவில்லை. சிலர் வாயைத் திறந்து அந்தத் தூறலை ஏந்தினார்கள்.

எனக்கு 1995 ஒக்டோபர் 30 நினைவுக்கு வந்தது. போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி இடம்பெயர்ந்த அந்த இரவில், தாகமென்று அழுத எனக்கும் தங்கச்சிக்கும் அம்மா குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து மழைத் தண்ணீரை ஏந்தித் தந்தார். அதன் பிறகு மேலேயிருந்து விழும் தண்ணீர் என்றால் எனக்கு அந்த இருட்டு தான். பம்பரகந்தவின் அடியில், பத்து மணி வெயிலில், அதே தண்ணீர் முகத்தில் பட்டபோது நான் வாயைத் திறந்து குடித்தேன். இனித்தது.

சேரைத் தேடினேன். அவர் எங்களை விட்டுத் தள்ளி ஒரு கல்லில் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். கிட்டப் போய், "சேர், முந்தி வந்திருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"இல்லையடா தம்பி. படிப்பிச்சது மட்டும் தான்."

தவணை தொடங்கிய முதற்கிழமையில் அதே பாடம் திரும்ப வந்தது. கரும்பலகையில் படிகளை அடிமட்டம் வைத்தே கீறினார். அருவிக்கு வந்ததும் அடிமட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, வெண்கட்டியைப் பக்கவாட்டில் பிடித்து, மேலிருந்து மெல்ல இழுத்தார். பாதியில் கோட்டைச் சற்றே சாய்த்து, கடைசியில் விரலால் தேய்த்துப் புகையாக்கினார்.