சிங்கப்பூரில் ஒரு சிசேரியனும் அம்மாவின் 30 நாள்களும்

36ஆம் வாரத்து ஸ்கேனில் என் குழந்தை தலையை மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயிற்றை வெளியிலிருந்து அழுத்தித் திருப்பும் முயற்சி மறுவாரம் நடந்தும் பலிக்கவில்லை. சிசேரியன் என்று முடிவானது. 39ஆம் வாரத்தில் எந்த நாள் வேண்டும் என்று மருத்துவர் கேட்டார். மன்னார்குடியிலிருந்த அம்மா ஜோதிடரைப் பார்த்துவிட்டு, அதற்கு ஒன்பது நாள் முன்னதாகவே ஒரு நல்ல நேரத்தைக் குறித்து அனுப்பினார். வலி எடுக்காமல், 39 வாரம் நிறைவதற்கு முன்பே எடுக்கப்படும் குழந்தைகள் மூச்சுத் திணறும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர் எனக்குச் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க மூன்று நாள் ஆயிற்று. கடைசியில், மருத்துவர் தந்த நாள்களிலேயே ஒரு வியாழக்கிழமைக் காலை அம்மாவுக்கும் பிடித்துப்போனது.

நாள் முன்பே தெரிந்திருந்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. அம்மாவுக்குக் கிடைத்தது 30 நாள் தங்கும் அனுமதிதான். அதில் ஒரு நாளைக்கூட வீணாக்க முடியாது. நான்கு நாள் முன்னதாக, சுக்கும் திப்பிலியும் பிரசவ லேகியமும் நிறைந்த பெட்டியோடு திருச்சியிலிருந்து வந்து இறங்கினார். அதற்குள் நாங்கள் ஒரு கட்டில் வாங்கியிருந்தோம். அதுவரை தரையில் மெத்தை விரித்துப் படுத்துவந்த எனக்கு, வயிற்றில் தையலோடு தரையிலிருந்து எழுவது எவ்வளவு கடினம் என்று எச்சரித்தவர் என் தோழி. அவர் சொல்படி, அன்றாடம் வேண்டிய பாத்திரங்களையும் துணிகளையும் குனியாமல் எடுக்கும் உயரத்துக்கு மாற்றிவைத்தோம். சிசேரியனுக்குத் தயாராகும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அறுவை பற்றிச் சொல்ல அதிகமில்லை. நள்ளிரவுக்குப் பின் சாப்பிடவில்லை. முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. வலி இல்லை, ஆனால் உள்ளே இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகத் தெரிந்தன. கத்தி பட்ட பத்து நிமிடத்துக்குள் குழந்தையின் அழுகை கேட்டது. தைத்து முடிக்கத்தான் நேரம் பிடித்தது. என் கணவர் தலைமாட்டில் உட்கார்ந்து, குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கிய என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உண்மையான சிரமம் மறுநாள் காலையில் தொடங்கியது. சிறுநீர்க் குழாயை எடுத்த தாதி, எழுந்து நடக்க வேண்டும் என்றார். "பச்சை உடம்பும்மா, அசையக் கூடாது" என்று அம்மா பதறினார். தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு தொங்கிவிடும் என்பது எங்கள் ஊர்ப் பெண்கள் தலைமுறைகளாகச் சொல்லிவருவது. இங்கோ தாதி குவளை குவளையாக நீட்டினார். பிரசவத்துக்குப் பின் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது, அறுவைக்குப் பின் இன்னும் கூடுகிறது, நடையும் தண்ணீரும் அதைக் குறைக்கும் என்று அவர் விளக்கியதை நான் தமிழில் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி எழுந்து, குனிந்தபடியே கழிவறைவரை நான் நடந்ததைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு திரும்பிய பிறகு, எதிர்வீட்டுப் பாட்டி குழந்தையைப் பார்க்க வந்தார். அவர் தம் மூத்த மகனை 1966இல் இங்குள்ள கேகே மகப்பேறு மருத்துவமனையில் பெற்றவர். அந்த ஆண்டு மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உலக அளவில் அது சாதனையாகப் பதிவானது. "படுக்கவே இடம் கிடையாது தாயி, மறுநாளே அனுப்பிட்டாங்க. எழுந்து நடந்துதானே வந்தோம்?" என்றார். அவருடையது சுகப்பிரசவம், ஆனாலும் தாதி சொல்லி அடங்காத அம்மாவின் பயம் அந்தப் பாட்டி சொல்லில் அடங்கியது. அன்று மாலையே அம்மா ஒரு செம்பு வெந்நீரைக் கட்டிலருகில் கொண்டுவந்து வைத்தார்.

அம்மாவின் பத்தியத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கிவந்து பூண்டு சேர்த்துப் புட்டு செய்தார், முருங்கைக்கீரை சமைத்தார். இரும வேண்டியிருந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னவர் தாதி. ஒவ்வொரு முறையும் அந்தத் தலையணையை ஓடிவந்து நீட்டியவர் அம்மா. இரண்டாம் வாரத்திலிருந்து காலையில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நானும் அவரும் பத்து நிமிடம் நடந்தோம். பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட் வேலைகளை என் கணவர் பார்த்துக்கொண்டார்.

குழந்தை பிறந்த 26ஆம் நாள் அம்மா விமானம் ஏறினார். மீதி நாள்களுக்கான லேகியத்தை நெல்லிக்காய் அளவில் உருட்டி, டப்பாவில் எண்ணி வைத்திருந்தார்.

ஆறாம் வாரப் பரிசோதனையில் தையல் நன்றாக ஆறியிருந்தது. தழும்பைச் சுற்றி மட்டும் மரத்தே கிடந்தது. உணர்வு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம் என்றார் மருத்துவர். அன்று வீடு திரும்பியபோது, லிஃப்டுக்குக் காத்திராமல், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றாம் மாடிவரை மெல்லப் படியேறினேன்.