பேட்டரி சக்கர நாற்காலியை விமானத்தில் ஏற்றுதல்

மதுரையில் விமான நிலையத் தரைப்பணியில் இருக்கும் எனக்கு, பேட்டரியில் இயங்கும் சக்கர நாற்காலியோடு ஒரு பயணி வருகிறார் என்று தெரிந்தால் அன்றைக்குக் கவனம் முழுவதும் அதன் மேல்தான் இருக்கும். பெட்டி உடைந்தால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம்; ஒருவரது முதுகுக்கும் கைக்கும் ஏற்ப அமைத்த நாற்காலி பழுதானால், அவர் போய் இறங்கிய ஊரில் விடுதி அறையைவிட்டு வெளியே வர முடியாது. ஆனாலும் விமானப் பயண இழப்பீடு பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை நாற்காலியைப் பயணியின் உடைமைக் கணக்கில்தான் வைக்கிறது. அதன் மதிப்பைக் குறிப்பிட்டு முன்கூட்டியே சிறப்பு அறிவிப்பு செய்யாதவருக்குப் பெட்டிக்கு உரிய இழப்பீட்டு வரம்புதான் நாற்காலிக்கும்.

பயணியிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை பேட்டரியைப் பற்றியவை. தீ அபாயம் இருப்பதால் அவை தேவையானவையே. மடக்கு நாற்காலியில் கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி இருந்தால், அதைக் கழற்றிப் பயணி தம்மோடு விமானத்துக்குள் எடுத்துச்செல்ல வேண்டும். அதன் திறன் 300 வாட்-மணிக்கு மேற்படக் கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும்; 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 288 வாட்-மணி, தடையில்லை. கசியாத ஜெல் பேட்டரி, நாற்காலியில் உறுதியாகப் பொருத்தப்பட்டு, மின்முனைகள் மறைக்கப்பட்டிருந்தால் அங்கேயே இருக்கலாம். இதை அறியாதவர்கள் அதையும் கழற்றச் சொல்லி வயர்களை இழுப்பதால், பத்திரமாக வந்த நாற்காலி அங்கேயே கெட்டுப்போவதுண்டு.

ஆனால் நான் பார்த்த சேதங்களில் பல பேட்டரியால் வந்தவை அல்ல. நாற்காலியை அறிந்தவரும் அதைத் தூக்குபவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. சேதம் அங்கேதான் தொடங்குகிறது. பயணி விமானக் கதவருகே குறுகிய நாற்காலிக்கு மாற்றப்பட்டு உள்ளே போய்விடுகிறார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரிய நாற்காலிகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றின் முன் எங்கள் லோடர்கள் தனியாக நிற்கிறார்கள். சக்கரங்களைக் கையால் தள்ள வசதியாக மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தள்ளினால் நகராது; நகரவில்லை என்றதும் பிடிக்க வாகாக இருக்கும் கைத்தாங்கியையோ, நாற்காலியை இயக்கும் குச்சியான ஜாய்ஸ்டிக்கையோ பற்றித் தூக்குவார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் யாரும் அவர்களுக்குக் காட்டித் தரவில்லை.

திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை, உள்ளே ஏறும் முன் லோடர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். “தம்பி, கைத்தாங்கி கழன்று வந்துவிடும், அதைப் பிடிக்காதீங்க. கீழே இருக்கிற இரும்புச் சட்டத்தைப் பிடிங்க. படுக்க வைக்கவே கூடாது,” என்றார். “சரிங்கம்மா, நீங்க சொல்றபடியே செய்யறோம்,” என்று மூத்த லோடர் நெம்புகோலை இருமுறை இயக்கிப் பார்த்துக்கொண்டார். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி, அழுத்தப்புண் வராமல் காக்கும் மெத்தையோடு சேர்த்துத் தம்மோடு எடுத்துக்கொண்டார் அந்த அம்மா. அன்று முதல், சொந்த நாற்காலியோடு வரும் ஒவ்வொருவரிடமும் நானே கேட்டு இந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்கிறேன். பேச இயலாதவர் என்றால், பிடிக்க வேண்டிய இடங்களைப் படத்துடன் எழுதிய தாளை நாற்காலியின் முதுகில் ஒட்டச் சொல்கிறேன்.

பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே தகவல் தரும்போது, நாற்காலியின் எடையோடு உயரத்தையும் சொல்லிவிடுவது நல்லது. போயிங் 737 ரக விமானத்தின் சரக்கறைக் கதவு 90 சென்டிமீட்டர் உயரம்கூட இருக்காது. முதுகுப்பகுதி மடங்காவிட்டால் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டியிருக்கும். ஏர்பஸ் 320இல் ஏறத்தாழ 1.2 மீட்டர் கிடைக்கும். கடைசி நேரத்தில் விமானம் மாறினால் இந்தக் கணக்கும் மாறிவிடும் என்பதால், மடக்கும் முறையை லோடர்களுக்குக் காட்டிவைப்பது அப்போதும் உதவுகிறது.

இந்தச் சந்திப்புக்குச் சில நிமிடங்கள் போதும், ஆனால் அந்த நிமிடங்கள் எங்கள் பணி அட்டவணையில் இல்லை. நான் பணியில் இல்லாத நாள்களில் அது நடப்பதும் இல்லை. அட்டவணையிலேயே சேர்க்கும்படி மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.